புதுப்பிப்பு: சீலிங் ஹீட்டிங் போட்டு ஒரு குளிர்காலம் ஓட்டியாச்சு

ரேடியேட்டருக்குப் பதில் சீலிங்கில் மின்சார ஹீட்டிங் ஃபிலிம் (கரண்ட் பாய்ந்தால் சூடாகும் மெல்லிய தாள்) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "சூடு மேலேதானே போகும், கீழே எப்படி வரும்?" என்று பாதிப் பேர் மடக்கினீர்கள்.

மேலே போவது சூடான காற்று. ஃபிலிம் அனுப்புவது அகச்சிவப்புக் கதிர், அதற்கு மேலே, கீழே என்ற பேதம் கிடையாது. தரை, சுவர், சோபா எல்லாம் அதை வாங்கி வெதுவெதுப்பாகின்றன. காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் இளவெயிலில் நிற்பது போல உடம்புக்கு இதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கதிர் நேர்கோட்டில் போவதால், மேசைக்கடியில் கால் நீட்டினால் முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருக்கும். தாழ்வான சீலிங் என்றால் தலைக்கு மேல் உறுத்தும். ஃபிலிமை மூடும் ஜிப்சம் பலகை நெடுநேரம் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பதால், ஃபிலிமின் வாட் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிடாதீர்கள். ஃபிலிமுக்கு மேலே இன்சுலேஷன் இல்லாவிட்டால் பாதிச் சூடு பரணுக்குத்தான்.

பலகை மூடுவதற்கு முன், ஃபிலிம் எங்கெங்கே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். பிறகு ஃபேன் கொக்கிக்கு டிரில் வைக்கும்போது ஃபிலிமில் ஓட்டை விழாமல் இருக்க அது ஒன்றுதான் துணை.

அலுவலகத்துக்கு இது சரிவருமா என்று கேட்டவருக்கு: இதில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான். ஹீட் பம்ப் (வெளியே உள்ள சூட்டை உள்ளே இழுத்துத் தரும் இயந்திரம்) சுமார் 3 தரும். நாள் முழுக்க ஓடும் கட்டடத்துக்கு அதுவே லாபம். எப்போதாவது திறக்கும் மீட்டிங் ரூமுக்கு, தனி தெர்மோஸ்டாட்டோடு, இதைத் தாராளமாகப் போடலாம்.