மலையில் யாரோ சொன்ன தியரி, இன்னும் மண்டையைக் குடைகிறதா? இங்கே இறக்கி வையுங்கள்

லவ்டேல் ஜன்னல்

முதலில் நானே சொல்கிறேன். போன வாரம் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர், மடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட். மேலே போகப் போக பாக்கெட் உப்பும், அது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் இவர் பாக்கெட்டின் இடுப்பைச் சுற்றிப் பூக்கட்டும் நூலைப் போட்டு, இரண்டு முனையும் சேரும் இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். கல்லாறில் ஒரு புள்ளி. பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள், ஆள் இறங்கவே இல்லை, இன்னொரு புள்ளி.

"என்னங்கய்யா இது?"

"உசரம் அளக்கறேன் கண்ணு. போன தடவ காட்டேரி தாண்டறதுக்குள்ள ஒரு விரக்கடை ஏறுச்சு."

அவ்வளவுதான், நானும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டேன். பேனாவை நான் பிடித்துக்கொண்டேன், நூலை அவர் இழுத்தார். குன்னூர் வரை புள்ளிகள் ஒழுங்காக நகர்ந்தன. அதற்கு மேல் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ஒவ்வொரு இடமாகப் போகிறது, புள்ளி அசையவில்லை. பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டினார். கடைசியில் கண்டக்டரைக் கூப்பிட்டு, பஸ்ஸே கேட்கும்படி அறிவித்தார்: "ஊட்டி, குன்னூரவிட உசரமே இல்லீங்க. சும்மா பேருக்குச் சொல்லிட்டிருக்காங்க."

நான் லவ்டேல் ஜங்ஷனில் இறங்கி, வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது. பாக்கெட் விறைத்துப்போய்விட்டது! அந்த உறை ரப்பர் இல்லையே. நிரம்பும் வரைதான் உப்பும், அப்புறம் உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் ஏறுமே தவிர சுற்றளவு ஏறாது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. கிட்டத்தட்ட 400 மீட்டரை அந்த மனிதர் ஒரு பாக்கெட்டை நம்பித் தள்ளுபடி செய்துவிட்டார். இத்தனைக்கும் மேட்டுப்பாளையத்தில் இருக்கிற காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஊட்டியில் கிடையாது. அவர் கருவி சரி, யோசனை சரி, பாக்கெட்தான் சின்னது. அதை அவரிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் குடைச்சல். இந்நேரம் யாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ.

ஏரிச்சாலை

எனக்கு எங்க அத்தை. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு முதல் தடவையாக வந்து தங்கியிருந்தார். வந்த அன்றே சாம்பாருக்குப் பருப்பு வைத்தார், மூன்று விசில், திறந்தால் பருப்பு பல்லைக் காட்டுகிறது. மலையில் தண்ணீர் 93 டிகிரிக்கெல்லாம் கொதித்துவிடும், சூடு பத்தாது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். "கொதிக்குதுல்ல, அப்புறம் என்ன சூடு பத்தலைங்கிற?" என்று வாயை அடைத்துவிட்டார். கொஞ்ச நேரம் குக்கரையே பார்த்துவிட்டு, "இந்த ஊரு எத்தன அடி?" என்று கேட்டார்.

"ஏழாயிரம் அத்தை."

"அப்ப ஆயிரத்துக்கு ஒரு விசிலு. ஏழு."

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கவே இல்லை நான், சிரித்தேன். அவர் சுவரோரம் நின்று ஒவ்வொரு விசிலுக்கும் கரண்டியை ஒரு தடவை தூக்கித் தூக்கி இறக்கினார், ஏலம் விடுகிற மாதிரி. ஏழாவது முடிந்ததும் அடுப்பை அணைத்தார். பருப்பு வெண்ணெய். மறுநாள் துவரைக்குப் பதில் கடலைப்பருப்பு, அதுவும் ஏழு, அதுவும் வெண்ணெய்.

மதுரை முன்னூற்றுச் சொச்சம் அடிதானே, அங்கே கால் விசில்தானே வரணும் என்று மடக்கினேன். "அது எங்கம்மா வச்ச கணக்கு. அதுல கை வைக்கக் கூடாது" என்றார். பத்து வருஷமாச்சு. இன்றைக்கும் ஏழு விசில்தான் வைக்கிறேன், ஏன் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

பதில் இருக்கிறது அம்மா, உங்கள் அத்தையின் கணக்கு தற்செயல். மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விசில் என்பது நேரத்தின் அளவே அல்ல. தீ பெரிதாக இருந்தால் ஏழு விசில் ஐந்து நிமிடத்தில் வரும், சிம்மில் வைத்தால் அரை மணி ஆகும். குக்கரின் மேலிருக்கும் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைக் கூட்டும், அவ்வளவே அதன் வேலை. கடலோரத்தில் உள்ளே 120 டிகிரி வரும் என்றால், நம் மலையில் வெளி அழுத்தமே குறைவு என்பதால் நாலைந்து டிகிரி குறைந்துதான் வரும். ஆகவே கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், சரி. ஆனால் அது அடிக்கணக்கில் ஏறாது. உங்கள் அத்தை தொட்டபெட்டாவில் சமைத்தால் எட்டே முக்கால் விசில் வைப்பாரா?

செய்ய வேண்டியது இது. பருப்பை ஒரு மணி நேரமாவது ஊற வையுங்கள், கடலைப்பருப்பென்றால் இரண்டு. குளிர் காலத்தில் ஊற வைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், நம் குழாய்த் தண்ணீரில் பருப்பு ஊறாது, விறைக்கும். புளியையும் தக்காளியையும் கூடப் போட்டு வேக வைக்காதீர்கள், புளிப்பு சேர்ந்தால் பருப்பு சீக்கிரம் குழையாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், விசிலை எண்ணாதீர்கள். காஸ்கெட் பழசாகி ஆவி ஓரத்தில் கசிந்தால் எத்தனை விசில் வைத்தும் பயனில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பென்றால் பாதி போதும், நுரைத்து ஓட்டையை அடைக்கும். அணைத்ததும் குழாயடியில் பிடித்து ஆற வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அழுத்தம் தானாக இறங்குகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதி வேக்காடு.

என் அனுபவம்: கோத்தகிரியில் வகுப்பெடுத்த காலத்தில் ஒரு பையன், இங்கே எல்லாம் சரிவாக இருப்பதால் முக்கோணத்தின் மூன்று கோணத்தைக் கூட்டினால் 180 வராது என்றான். அடித்துவிட்டேன். இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஏரிச்சாலை

சார், பருப்பைப் பற்றி இவ்வளவு, பையனைப் பற்றி ரெண்டு வரியா?

மசினகுடி மினிபஸ்

அந்தப் பையன் தப்பாகச் சொன்னாலும் பாதி சரி சார். வளைந்த பரப்பில் வரைந்தால் 180 வராது, பூமி உருண்டை மேல் பெரிய முக்கோணம் போட்டால் கூடத்தான் செய்யும். அவன் சொன்ன காரணம் மட்டும்தான் தப்பு, தட்டையான சரிவில் வரைந்தால் 180-தான். அடிக்க வேண்டியதில்லை.

என் கதை கல்லட்டி ரோட்டில். 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் நம்பர் போர்டு, தெரியும் உங்களுக்கு. ஊட்டியிலிருந்து இறங்குகிறோம். முன் சீட்டில் ஒரு சின்னப் பெண், ஏழெட்டு வயசு, பத்தாவது வளைவிலேயே முகம் பச்சை. அம்மா பாலிதீன் கவரோடு தயாராக உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்து, ரொம்ப சீரியஸாக விளக்குகிறார்:

"பாப்பா, இங்க பாரு. ஒண்ணு இடது பக்கம் திரும்பினா அடுத்தது வலது பக்கம் திரும்பும். மொத்தம் பதினெட்டு இடது, பதினெட்டு வலது. கழிச்சா என்ன வருது?"

"பூஜ்யம்."

"பூஜ்யத்துக்கு யாராவது வாந்தி எடுப்பாங்களா?"

அந்தப் பெண் யோசித்தது. நிஜமாகவே யோசித்தது, விரலை மடக்கி. இருபதாவது போர்டு வரை ஒன்றும் ஆகவில்லை. இருபத்தொன்றில் கவர் நிறைந்தது. அது துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கி, "அங்கிள், இப்ப ஒத்தைப்படை" என்றது.

பஸ்ஸே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போயும் இதே நினைப்பு. இரட்டைப்படை போர்டில் நிற்கும்போது கணக்கு பூஜ்யம், ஒத்தைப்படையில் நிற்கும்போது ஒரு முழுத் திருப்பம் பாக்கி. அது சொன்னது கண்டக்டர் தியரிப்படியே சரி! காதுக்குள் இருக்கிற சமநிலைக் குழாய்கள் திரும்புகிறோம் என்கின்றன, கண் முன் சீட்டின் முதுகைப் பார்த்து சும்மாதான் இருக்கிறோம் என்கிறது, அந்தச் சண்டையில்தான் குமட்டல் என்பது தெரிந்ததுதான். சம்பளத்தில் செலவைக் கழித்தால் எனக்கும் மாதக் கடைசியில் பூஜ்யம்தான், அதற்காக மாதம் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லையா? இந்தப் பதில் எனக்கு இரண்டு நாள் கழித்துத் தோன்றியது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

கொண்டை ஊசி எல்லாம் சரியாக மாறி மாறி வரும் என்று கண்டக்டர் எப்படி முடிவு செய்தார்? நடுவில் நம்பர் போடாத வளைவுகள் எத்தனை? மேலும், வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்க்க வேண்டும், படிக்கக் கூடாது, வெறும் வயிற்றோடும் வரக் கூடாது, வயிறு முட்டவும் தின்னக் கூடாது.

கேரட் தோட்டம்

வாத்தியார் ஐயா, பஸ் போய்விட்டது, விடுங்கள்.

எனக்கு நடந்தது தலைகுந்தா பக்கம். கீழ்நாட்டிலிருந்து வந்து குத்தகைக்கு நிலம் பிடித்த முதல் வருஷம், சரிவில் உருளைக்கிழங்கு. காட்டுப்பன்றித் தொல்லை, அதனால் கீழ்ப்பக்க எல்லை முழுக்க இடுப்பு உயரத்துக்குத் தகரம் அடித்தேன். மேல் தோட்டத்துப் படுகர் தாத்தா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அணை கட்டிட்டியே" என்றார். தண்ணீரே இல்லாத இடத்தில் என்ன அணை என்று எனக்குப் புரியவில்லை. "குளிருக்கு" என்றார். குளிரும் தண்ணி மாதிரிதான், ராத்திரியில் சரிவோடு ஓடிவந்து பள்ளத்தில் நிற்கும், வழி விடலைன்னா உன் செடிமேலதான் தேங்கும், கீழ்ப்பக்கம் நாலு தகரத்தைக் கழற்று. இதுதான் அவர் சொன்னது. நான் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன். படித்தவன் இல்லையா.

ஜனவரி. ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார். கையில் டார்ச், இன்னொரு கையில் ஊதுபத்தி. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்தே போனேன். தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். காற்றே இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. ஊதுபத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்தார். புகை மேலே போகவில்லை. படுத்தது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை நூல் மாதிரி, பாத்தி மேலேயே ஊர்ந்து கீழே போனது, தகரம் வரை போய் முட்டி, அங்கேயே சுருண்டு நின்றது. அவர் தோட்டத்தின் வேலியில் விட்டிருந்த இடைவெளிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார், அங்கே புகை வாசல் வழியாகப் போகிற ஆள் மாதிரி வெளியே போனது.

விடிந்து பார்த்தால் தகரத்தை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு வரிசை வெள்ளை. வெயில் ஏறியதும் கறுத்துத் தொங்கிவிட்டது. மேலே இருந்த வரிசைகளுக்கு ஒன்றுமில்லை. வராந்தாவில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் நாலு டிகிரி காட்டியது, அதனால் உறைபனியே இல்லை என்று அவரிடமே வாதாடினேன், வெட்கமாக இருக்கிறது. மேகமில்லாத ராத்திரியில் தரையும் இலையும் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, ஆள் உயரக் காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தகரத்தைக் கழற்றினேன். பன்றி வந்தது. அதற்கு அவரிடம் தியரி இல்லை.

பூம்பாறை

சின்னதாக ஒன்று. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானலில் ஒரு விடுதி வாட்ச்மேன் சொன்னது. பூவைக் காட்டிவிட்டு, "இது கணக்குத் தெரியாத செடி சார்" என்றார். அமெரிக்காவில் சில சில்வண்டுகள் 13 வருஷத்துக்கு ஒருமுறை, 17 வருஷத்துக்கு ஒருமுறை மண்ணுக்குள்ளிருந்து வருமாம், ஒன்றையும் அதே எண்ணையும் விட்டால் எந்த எண்ணாலும் வகுபடாது, அதனால் தின்ன வருகிற எதிரியோடு சுழற்சி ஒத்துப்போகாதாம். யாரோ டூரிஸ்ட் சொல்லிக் கேட்டிருக்கிறார். "இது போய் பன்னெண்ட எடுத்திருக்கு. ரெண்டுல வகுபடும், மூணுல, நாலுல, ஆறுல வகுபடும். எல்லாப் பூச்சியும் வந்து தின்னலாம். ஒரு வருஷம் சேத்துப் பூத்திருக்கலாம்ல?"

நான் ஏதோ சமாளித்தேன். மொத்த மலையும் ஒன்றாகப் பூத்து விதையைக் கொட்டினால், எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும், அதற்கு எந்த எண்ணாக இருந்தாலும் சரிதான் என்று. தலையை ஆட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அவர் விரல்விட்டு எண்ணினார். 82, 94, 2006, இது. "எனக்கு நாலு குறிஞ்சி" என்றார். அவர் அம்மா ஆறு பார்த்தாராம். "அடுத்தது 2030, வந்துருங்க, அதுக்குள்ள ஒரு வருஷம் தள்ளிப் பூக்குதான்னு பாப்போம்." நம்பர் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

13 பகா எண் என்பதால் தப்பிக்கிறது என்பதும் ஒரு கருதுகோள்தான். தவிர, குறிஞ்சி இனத்தில் வேறு வேறு இடைவெளியில் பூக்கிற செடிகளும் நம் மலைகளில் உண்டு. வாட்ச்மேனை விசாரித்ததாகச் சொல்லவும்.

லவ்டேல் ஜன்னல் அவர்களுக்கு: முழுப் பாக்கெட் வேண்டாம். பெரிய பாலிதீன் பையில் கால்வாசிக் காற்று மட்டும் வைத்து மேட்டுப்பாளையத்தில் மெழுகுவத்தியால் ஒட்டிவிட்டால் ஊட்டி வரை விறைக்காது. குளிருக்கு உள்காற்று இருபதில் ஒரு பங்கு சுருங்கும், அதையும் கழிக்க வேண்டும்.

லவ்டேல் ஜன்னல்

பை ஒட்டிவரச் சொல்லி மச்சானிடம் ஃபோனில் இருபது நிமிடம் விளக்கினேன். நூல், பேனா, எல்லாம் சொன்னேன். பை எதற்கு, பாக்கெட்டிலேயே பாதிக் காற்றை ஊசியால் இறக்கி டேப் ஒட்டினால் போச்சு என்று அவனே கண்டுபிடித்தான். சந்தோஷமாக இருந்தது.

நேற்று வந்து இறங்கினான். நூலில் கல்லாறில் ஒரு புள்ளி இருக்கிறது. பர்லியாரில் டீயோடு பாக்கெட்டைத் தின்றுவிட்டான்.