ஊசி போட்டதில் கால் பாதம் தூக்கவில்லை. 40,000 வாங்கிக்கொண்டு கையெழுத்து போடலாமா?

முக்கூடல் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. முக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊர். பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை பார்க்கிறார். நான் பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன், அதனால் யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன்.

போன ஆவணியில் மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி. பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். உள் ரூமில் ஒரு பிள்ளை ஊசி போட்டது. என்னைப் படுக்கச் சொல்லவில்லை. நின்ற வாக்கிலேயே சேலையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி இடது பக்கம் குத்தியது. எப்போதும் போடுகிற இடத்தை விடக் கீழே, நடுவாகப் போட்ட மாதிரி இருந்தது. குத்தின நொடியிலேயே இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. "யம்மா" என்று கத்திவிட்டேன். அப்போதும் ஊசியை எடுக்கவில்லை. மருந்து முழுக்க ஏறின பிறகுதான் எடுத்தது. "ஒண்ணுமில்லக்கா, செத்த நேரம் உக்காருங்க, சரியாப் போயிரும்" என்றது.

பஸ் ஏறும்போதே கால் மரத்துப்போயிருந்தது. மறுநாள் விடியக்காலம் எழுந்து நடந்தால் இடது பாதம் மேலே வரவில்லை, நிலைப்படியில் தட்டி விழுந்தேன். செருப்பு போட்டு நடந்தால் அது எங்கே கழன்றது என்றே தெரிவதில்லை. பின்னால் வந்த சித்திதான் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் வெந்நீர் கொட்டியும் தெரியவில்லை, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி, மடியில் சொளவை வைத்துத்தான் நான் பீடி சுற்றுவேன். ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றினவள் இப்போது ஐநூறைத் தாண்டுவதில்லை. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் எரிகிறது, எழுந்து நிற்க வேண்டும். கடையில் இலையும் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். கால் நரம்புக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசியால் நரம்பு பாதித்திருக்கிறது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். இதுவரை 38,000 ரூபாய் செலவு. கம்மல் அடகில் இருக்கிறது.

ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் முதலில் "ஒரு மாசத்துல சரியாயிரும்" என்றார்கள். அப்புறம் "உனக்கு ஏற்கெனவே முதுகுல டிஸ்க் இருந்திருக்கும்" என்றார்கள். எனக்கு முதுகு வலி வந்ததே கிடையாது. போன வாரம் எங்களுக்கு மாமா முறை வேண்டிய ஒருவர் முத்திரைத்தாளோடு வீட்டுக்கு வந்தார். 40,000 தருகிறார்களாம். "இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை, மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்" என்று டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். "பெரிய எடத்தோட மோதி என்ன ஆவப்போவுது, கெடைச்சத வாங்கிக்கோ" என்கிறார். அம்பாசமுத்திரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். முதலில் 25,000, அப்புறம் வருகிற தொகையில் கால் பங்கு என்றார்.

என் கையில் இருப்பது ஆஸ்பத்திரிச் சீட்டும் மெடிக்கல் பில்லும்தான். 350 ரூபாய் கூகுள் பேயில் கட்டியது போனில் இருக்கிறது. ஊசி போட்டதற்கென்று தனி பில் கிடையாது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? கையெழுத்து போடலாமா? மாமா வியாழக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வயக்காட்டுக்காரன்:

தங்கச்சி, கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. நான் பட்டவன், அதனால் சொல்கிறேன்.

எங்க அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்து, இரண்டாவது தடவையும் கிழிக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதம் கழித்து நான் போய் ரெக்கார்டு கேட்டேன். வாயால்தான் கேட்டேன். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று பதினோரு தடவை அலைய விட்டார்கள். கடைசியில் கையில் கிடைத்த நோட்டில் முதல் ஆபரேஷன் பக்கமே இல்லை. எழுத்தில் கேட்டிருந்தால் அவர்கள் கொடுக்காமல் இருந்ததே எனக்குச் சாட்சியாக இருந்திருக்கும். நான் கேட்டதற்கே அத்தாட்சி இல்லை என்று ஆகிவிட்டது. அப்பா கடைசி வரைக்கும் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டுதான் நடந்தார்.

அதனால் முதல் வேலையாக ஒரு வெள்ளைத்தாளில் எழுது. இந்தத் தேதியில் சிகிச்சைக்கு வந்தேன், என்னுடைய சிகிச்சைப் பதிவுகள் முழுவதின் நகலும் வேண்டும், என்ன மருந்து, எவ்வளவு, யார் போட்டது என்ற விவரமும் வேண்டும் என்று கேள். 2002-இல் வந்த மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. நேரில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஒப்புகையோடு, பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில் அனுப்பு, ரசீதைப் பத்திரமாக வை. மாமாவிடம் சண்டை வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்.

தெற்குத்தெரு:

நான் மாற்றிச் சொல்வதற்கு மன்னிக்கணும். கேஸ் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். சட்டத்தில் மூன்று மாதம், ஐந்து மாதம் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் அப்படி முடிந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாளையங்கோட்டை போய்வர ஒரு நாள் கூலி போகும். டாக்டர்களும் மனிதர்கள்தான், வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. கம்மலை மீட்க இந்தப் பணம் உதவும் என்றால் வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

பாளை வழக்கறிஞர்:

தெற்குத்தெரு அண்ணாச்சி சொன்ன கால தாமதம் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா, பணம் வாங்குவது வேறு, அந்தத் தாளில் கையெழுத்து போடுவது வேறு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் நீங்கள் கையெழுத்திட்டால், பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளாகத்தான் இருக்கும். நேற்று வரைக்கும் 38,000 செலவு செய்தவருக்கு 40,000 தந்தால் இழந்த கூலிக்கும் காலுக்கும் சேர்த்து மிஞ்சுவது 2,000 ரூபாய். இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். போன ஆவணி என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி மனுவுக்கான கட்டணம் கணக்கிடுவது நீங்கள் கேட்கிற இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நீங்கள் கொடுத்தது 350 ரூபாய். அந்த 350 ரூபாய் கூகுள் பே உங்களுக்குப் பெரிய ஆவணம், நீங்கள் அங்கே காசு கொடுத்த நோயாளி என்பதை அது காட்டும். இப்போதே கடையில் பிரிண்ட் எடுத்து வையுங்கள், போன் தொலைந்தால் கஷ்டம்.

வக்கீல் கால் பங்கு கேட்டது முறையே இல்லை. வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. நீங்கள் பெண் என்பதால் 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் கிடைக்கும். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போனில் கேட்க வேண்டுமென்றால் 15100. ஆதாரும் எல்லாச் சீட்டின் நகலும் கொண்டு போங்கள்.

பலர் முதலில் போலீசுக்குப் போகச் சொல்வார்கள். 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு வேண்டியது இழப்பீடு, அது அங்கே கிடைக்காது. ஊசி போட்டவர் படித்த நர்ஸ்தானா என்பது உங்கள் கேஸில் முக்கியமான கேள்வி. அதற்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், எல்லாரும் ஜே.டி. ஆபீஸ் என்பார்களே, அங்கே தனியாக ஒரு மனு கொடுங்கள்.

பிசியோ அக்கா:

சட்டம் மேலே சொல்லிவிட்டார்கள். நான் காலைப் பற்றிச் சொல்கிறேன்.

இடுப்பில் ஊசி என்றால் மேல்புறம், வெளிப்பக்கம்தான் போட வேண்டும். உள்ளேயும் கீழேயும் போனால் காலுக்கு ஓடும் பெரிய நரம்பு அங்கேதான் இருக்கிறது. குத்தும்போதே கரண்ட் மாதிரி இழுத்தது என்று சொன்னீர்களே, அதைத் தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூட வந்தவர்கள், செருப்பு எடுத்துக் கொடுத்த சித்தி, எல்லாரையும் எழுதுங்கள்.

முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று சொல்லித்தான் அவர்கள் வாதாடுவார்கள். நரம்பு டாக்டரிடம் கேட்டு முதுகு எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிடுங்கள். ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள், வெளியே ஆகிற அளவு செலவு வராது. முதுகு நன்றாக இருக்கிறது என்று வந்தால் அவர்கள் சொன்ன காரணம் விழுந்துவிடும்.

நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் வரை என்றால் எவ்வளவு தூரம் பாருங்கள். எட்டு மாதத்தில் வரவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். பாதம் தொங்காமல் இருக்க ஏ.எஃப்.ஓ. என்று ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருக்கிறது, அதைப் போட்டு நடங்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத காலில் முள் ஏறினாலும் தெரியாது.

முக்கூடல் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூன்று தடவை படித்தேன், வீட்டுக்காரருக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். தெற்குத்தெரு அண்ணாச்சி சொன்னதையும் தப்பாக நினைக்கவில்லை, எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள்.

மாமா வந்தார். "தாளை நீங்களே வச்சிருங்க மாமா, நான் இப்ப போடல" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் முகம் சரியில்லை. ரெக்கார்டு கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினேன், ஒப்புகை அட்டை சீலோடு திரும்பி வந்துவிட்டது, பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டை போனேன். ஆணைக்குழுவில் ஒரு மேடம் எல்லாவற்றையும் கேட்டு, மனு எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அங்கே ஒரு ரூபாய் செலவில்லை, பஸ் காசைத் தவிர.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. ஊசி போட்ட அந்தப் பிள்ளைக்கு 19, 20 வயதுதான் இருக்கும். கையில் ரப்பர் வளையல் போட்டிருந்தது. அதற்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை போல. அது மேலே கேஸ் வர வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்படிப் போட முடியுமா?

பாளை வழக்கறிஞர்:

முடியும் அம்மா. வேலைக்கு வைத்தவர்தான் ஊழியர் செய்ததற்குப் பொறுப்பு. ஆஸ்பத்திரியையும் சீட்டு எழுதின டாக்டரையும் எதிர்த்தரப்பாகப் போட்டால் போதும். அந்தப் பெண்ணை ஏன் சேர்க்கவில்லை என்று உங்கள் வக்கீல் கேட்பார், இப்போது எங்களிடம் சொன்னதையே அவரிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை ஆணைக்குழுவுக்குப் போகும்போது ஒப்புகை அட்டையின் அசலை எடுத்துப் போங்கள், நகல் மட்டும் போதாது.