புதுப்பிப்பு: உருக்கு பிரேமா, அலுமினிய பிரேமா? நிறைக் கணக்கில் ஒரு திருத்தம்

உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், அலுமினியத்தினுடையது 2.7 கிராம் என்பதை மட்டும் வைத்து, மண்பாதை மோட்டார் சைக்கிளின் அலுமினிய பிரேம் உருக்கு பிரேமின் மூன்றிலொரு பங்கு நிறையே இருக்கும் என்று சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். அது பிழை.

கோண்டாவிலில் ஒரு கராஜில் வெட்டிக் கிடந்த இரண்டு பிரேம்களின் துண்டுகளைக் கையில் எடுத்தபோதே விளங்கிவிட்டது. உருக்குக் குழாய் ஒடுங்கியது, அதன் சுவரும் மெல்லியது. அலுமினியத் துண்டோ தடித்த சுவருடன் பெட்டிபோல் அகன்றிருந்தது. அலுமினியத்தின் விறைப்பும் உருக்கினுடையதில் மூன்றிலொரு பங்களவே என்பதால், வளையாதிருக்க உலோகத்தைக் கூட்டவேண்டியிருக்கிறது. அடர்த்தியில் கிடைத்த இலாபத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

1997ஆம் ஆண்டின் ஹொண்டா சீஆர்250ஆர் என்ற மண்பாதைப் போட்டி வண்டி அலுமினிய பிரேமுடன் வந்தபோது ஓட்டியவர்கள் முறையிட்டதும், இப்படி உலோகத்தைக் கூட்டியதால் வந்த மிதமிஞ்சிய விறைப்பைப் பற்றித்தான். ஒஸ்திரிய மோட்டார் சைக்கிள் நிறுவனமான கேரீஎம் (KTM) இன்றும் குரோம்-மொலிப்டினம் கலந்த உருக்கையே பயன்படுத்துகிறது. அதன் போட்டி வண்டிகளைப் பாரமானவை என்று எவரும் சொல்வதில்லை.

நிறையை விடுங்கள், அலுமினியத்தில் விரிசல் விழுந்தால் அதை ஒழுங்காக ஒட்டக்கூடியவரைத் தேடி நான் யாழ்ப்பாணம் முழுக்க அலையவேண்டும். உருக்கு பிரேமையே வாங்குகிறேன்.