புதுப்பிப்பு: டிஸ்க்குக்கு டால்பி விஷன் தேவையா?

4கே டிஸ்க் பிளேயரில் டால்பி விஷனுக்காக (பளிச்சென்ற இடமும் இருட்டும் விவரத்தோடு தெரியச் செய்யும் எச்டிஆர் முறைகளில் ஒன்று) கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேனே, பெரம்பூர் நண்பர் தன் பிளேயரைத் தண்டையார்பேட்டைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரே டிஸ்க்கைப் போட்டு, டால்பி விஷனை ஆன் செய்தும் ஆஃப் செய்தும் பார்த்தோம்.

சாதாரண எச்டிஆர் முறையான எச்டிஆர்10-ல் படம் முழுக்க டிவிக்கு ஒரே வெளிச்சக் குறிப்புதான். டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸும் காட்சிக்குக் காட்சி குறிப்பு அனுப்பும். என் டிவியின் வெளிச்சம் 600 நிட்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது. 4000 நிட்ஸ் வரை வெளிச்சம் வைத்து மாஸ்டர் செய்த, அதாவது இறுதிப் பிரதி தயாரித்த டிஸ்க்கில் வெல்டிங் பொறி எச்டிஆர்10-ல் வெறும் வெள்ளைத் திட்டு. டால்பி விஷனில் ஒவ்வொரு பொறியும் ஆரஞ்சு நிறத்தோடு தனித்தனியாகத் தெரிந்தது. 1000 நிட்ஸ் டிஸ்க்கில்? எது எதென்று இருவராலும் சொல்ல முடியவில்லை.

பகலில் டால்பி விஷன் கொஞ்சம் இருட்டுதான். ஜன்னலுக்குத் திரை போட மாட்டேன், இந்த வெயிலில் காற்று வேண்டாமா? டிவியில் 'பிரைட்' மோடு வைத்ததும் சரியாகிவிட்டது.

ஒரு தொல்லை: இந்த பிளேயரில் டால்பி விஷனை ஆனிலேயே விட்டால் சாதாரண எச்டிஆர்10 டிஸ்க்கும் டால்பி விஷனாக மாறித்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போக வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கும் மாடலாகப் பார்த்து வாங்கப்போகிறேன்.

சாம்சங் டிவிக்காரர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், அதில் டால்பி விஷனே கிடையாது. எச்டிஆர்10 பிளஸ் உள்ள பிளேயரைப் பாருங்கள்.