ஜப்பான்காரன் செய்தால் போர்க்குற்றம், சிஐஏ செய்தால் ‘விசாரணை உத்தி’: இந்த ஒப்பீடு சட்டப்படி நிற்குமா?

மேசைவிளக்கு:

வணக்கம். சட்டக் கல்லூரி வாதப் போட்டிக்காகக் கேட்கிறேன். தலைப்பு: ‘எந்தச் சூழலிலும் கைதியைச் சித்திரவதை செய்யக் கூடாது’. நான் ஆதரித்துப் பேச வேண்டும். இரண்டு இடத்தில் தடுமாற்றம்.

ஒன்று, ‘வாட்டர்போர்டிங் (கைதியின் முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறவைப்பது) செய்ததற்காக ஜப்பானியரைத் தூக்கில் போட்ட அமெரிக்கா, 2002-ல் அதையே தானும் செய்தது’ என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இதை அப்படியே சொல்லலாமா?

இரண்டு, எதிரணி கட்டாயம் ‘குண்டு வெடிக்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, கைதிக்கு இடம் தெரியும்’ என்று ஆரம்பிக்கும். உணர்ச்சிவசப்படாமல் அதற்கு என்ன பதில் சொல்வது?

ஈரத்துணி:

‘தூக்கில் போட்டார்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், எதிரணியில் படித்தவர் ஒருவர் இருந்தாலும் அங்கேயே மடக்கிவிடுவார். தூக்கிலிடப்பட்ட ஜப்பானியர்கள் மீது கொலை உட்படக் குற்றங்கள் குவிந்து கிடந்தன. தண்ணீர்ச் சித்திரவதைக்காக மட்டும் யாரையும் தூக்கிலிட்டதாகக் காட்ட முடியாது. எல்லோரும் மேற்கோள் காட்டும் ஜப்பானியர் யுக்கியோ அசானோ மீதான வழக்கு 1947-ல் யோகோஹாமாவில் அமெரிக்க ராணுவ ஆணையத்தின் முன் நடந்தது. தண்டனை 15 ஆண்டு கடுங்காவல். அதிலும் குற்றப்பத்திரிகையில் தண்ணீர் மட்டும் இல்லை. அடித்தது, உதைத்தது, சிகரெட்டால் சுட்டது எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே ‘தண்ணீர்ச் சித்திரவதையைக் குற்றமாகப் பட்டியலிட்டுத் தண்டித்தது’ என்பதே துல்லியமான வாக்கியம். டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தின் 1948 தீர்ப்பும் இந்த முறையை விவரித்துச் சித்திரவதைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

இதைவிட வலுவான இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஏனோ மேடைகளில் யாரும் எடுப்பதில்லை.

முதலாவது பிலிப்பைன்ஸ். 1900 நவம்பரில் பனாய் தீவில் இக்பராஸ் என்ற ஊரின் தலைவரை அமெரிக்க வீரர்கள் படுக்கவைத்து வயிறு உப்பும்வரை தண்ணீர் ஊற்றினார்கள். ‘தண்ணீர் வைத்தியம்’ என்று அதற்குச் செல்லப் பெயர் வேறு. பொறுப்பதிகாரி எட்வின் கிளென் மீது 1902-ல் ராணுவ விசாரணை நடந்தது. ‘போர் அவசியம் கருதிச் செய்தேன்’ என்றார் அவர். அந்த வாதத்தை ஏற்கவில்லை, குற்றவாளி என்றே முடிவானது. ஆனால் தண்டனையைக் கேளுங்கள்: ஒரு மாதப் பதவி இடைநீக்கம், 50 டாலர் அபராதம். பின்னர் 1914-ல் அமெரிக்க ராணுவத்துக்கான தரைப்போர் விதிக் கையேட்டைத் தொகுத்துக் கொடுத்ததும் இவரேதான்!

இரண்டாவது டெக்சாஸ், 1983. ஷெரீப் ஜேம்ஸ் பார்க்கரும் அவருடைய உதவியாளர்கள் மூவரும் கைதிகளின் முகத்தில் டவலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வாக்குமூலம் வாங்கினார்கள். வழக்குப் போட்டது ரீகன் காலத்து மத்திய நீதித்துறை. ஷெரீப்புக்கு 10 ஆண்டு. மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1984-ல் வந்தது, அதில் சித்திரவதை என்ற சொல் தயக்கமில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது.

டெக்சாஸ் ஏன் முக்கியம்? எதிரணி புத்திசாலியாக இருந்தால், ‘ஜப்பானியர் வயிற்றுக்குள் தண்ணீரைச் செலுத்தினார்கள், சிஐஏ முகத்துத் துணிமேல்தான் ஊற்றியது, இரண்டும் வேறு’ என்று பிரிக்கப் பார்ப்பார். பாதி நியாயமான பிரிப்புதான் அது. டெக்சாஸ் வழக்கில் துணி, முகம், தண்ணீர் மூன்றும் அப்படியே இருப்பதால் அந்தக் கதவு அடைபடுகிறது.

சிஐஏ விசாரணைகளுக்குச் சட்ட ஆதரவு தந்த 2002 ஆகஸ்ட் 1 தேதியிட்ட நீதித்துறை மெமோ (எழுதியவர் ஜான் யூ, கையெழுத்து ஜே பைபீ) இந்த வழக்கைக் குறிப்பிடவே இல்லை. தன் துறையே நடத்தி ஜெயித்த வழக்கு அது. அதற்குப் பதிலாக, ‘கடும் வலி’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடிப் போன இடம் மருத்துவ உதவித்தொகைச் சட்டம். அவசர சிகிச்சை எப்போது தேவை என்று விளக்கும் பிரிவிலிருந்து சொற்களை எடுத்து, உறுப்பு செயலிழப்பு, மரணம் போன்றவற்றோடு வரும் வலிக்கு இணையாக இருந்தால்தான் அது சித்திரவதை என்று வரையறுத்தார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நிலைக்கு எழுதிய வரையறை, கைதியின் உடம்பில் எதுவரை கைவைக்கலாம் என்பதற்கு அளவுகோலானது. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை வதைத்த படங்கள் வெளியான பிறகு 2004 ஜூனில் மெமோ கசிந்தது, அதே மாதம் திரும்பப் பெற்றார்கள்.

நடுத்திண்ணை:

எதிரணி பக்கமும் கொஞ்சம் நின்று பாருங்கள். அல்-கொய்தா எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, சீருடை இல்லை, பிடித்தவர்களின் கழுத்தை அறுத்தார்கள். ‘அவனுக்கு இல்லாத விதி எனக்கு மட்டும் ஏன்’ என்பது சாதாரண மனிதனின் கேள்வி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று அமெரிக்காவை மட்டும் குத்துவதும் இரட்டை நியாயம்தானே? வட வியட்நாம் என்ன செய்தது?

சாட்சிக்கூண்டு:

வட வியட்நாம் உதாரணம் நல்லது, ஆனால் அது உங்கள் கட்சிக்கு உதவாது. பிடிபட்ட அமெரிக்க விமானிகளை ‘போர்க்கைதிகள் அல்ல, போர்க்குற்றவாளிகள்’ என்று ஹனோய் அறிவித்தது. போர்க்கைதிகள் பற்றிய ஜெனீவா உடன்படிக்கையின் 85-ம் பிரிவுக்குத் தான் பதிவு செய்திருந்த விலக்கைக் காரணம் காட்டியது. 1966 ஜூலையில் கைகளைப் பிணைத்துத் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். கயிற்றால் தோளை முறுக்கி வாக்குமூலம் வாங்கினார்கள். வாஷிங்டன் அப்போது சொன்ன பதில் ‘பெயரை மாற்றிவிட்டால் பாதுகாப்பு போய்விடாது’ என்பதே. 2002 பிப்ரவரி 7 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்ட உத்தரவு ‘சட்டவிரோதப் போராளிகள்’ என்று பெயரை மாற்றி அதே வேலையைச் செய்தது. பழியை இரு பக்கமும் போடுங்கள், ஆட்சேபமில்லை. தெற்கு வியட்நாமின் கொன்சோன் தீவில் அமெரிக்க ஆலோசகர்கள் இருக்கும்போதே கைதிகளை அடைத்திருந்த ‘புலிக்கூண்டுகள்’ 1970-ல் வெளியே வந்தன. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘அவன் மீறினான், நானும் மீறுவேன்’ என்பதற்குச் சட்டத்தில் நேரடியான பதில் உண்டு. மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை 13-ம் பிரிவு போர்க்கைதிகள் மீது பழிக்குப்பழி நடவடிக்கையைத் தடை செய்கிறது. சாதாரண ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் மற்றவர் நிறுத்திவைக்கலாம், ஆனால் மனிதரைப் பாதுகாக்கும் ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் பற்றிய வியன்னா உடன்படிக்கை 60(5). சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கை 2(2) இன்னும் வெளிப்படை: போர், போர் அச்சுறுத்தல், அவசர நிலை எதையும் காரணமாகக் காட்ட முடியாது. அமெரிக்கா இதை 1994-ல் ஏற்புறுதி செய்தது. அல்-கொய்தா கைதிகளுக்கும் ஜெனீவாவின் பொதுப் பிரிவு 3 (கைதிகளுக்கான குறைந்தபட்சப் பாதுகாப்பு) உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2006 ஜூனில் ஹம்தான் வழக்கில் சொல்லிவிட்டது.

இனி குண்டு விஷயம். அந்தக் கற்பனைக் கதையில் நான்கு உறுதிகள் ஒளிந்திருக்கின்றன: சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம், அவனுக்குத் தெரியும், வலி தந்தால் உண்மையைச் சொல்வான், சொன்னதைச் சரிபார்க்க நேரம் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

இதற்கு மிக அருகில் வரும் நிஜ வழக்கு பிராங்க்பர்ட், 2002. பதினொரு வயதுப் பையனைக் கடத்திய சட்ட மாணவன் சிக்கிவிட்டான், பையன் எங்கோ அடைபட்டிருப்பதாகப் போலீஸ் நம்பியது. துணைத் தலைவர் டாஷ்னர் உத்தரவின்பேரில் ‘தாங்க முடியாத வலி வரும்’ என்று மிரட்டினார்கள். சில நிமிடங்களில் இடத்தைச் சொன்னான். போய்ப் பார்த்தால் பிணம். பையன் முன்பே இறந்திருந்தான். ‘மிரட்டினால் பேசுவான்’ என்பது இங்கே உண்மையாயிற்று என்பதை மறைக்காதீர்கள், எதிரணி எடுக்கும். ஆனால் காப்பாற்ற யாரும் இல்லை. நல்ல நோக்கம் என்று ஒப்புக்கொண்ட ஜெர்மன் நீதிமன்றமே டாஷ்னரைக் குற்றவாளி என்றது, அபராதத்தை மட்டும் நிறுத்திவைத்தது. 2010-ல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை மனிதத்தன்மையற்ற நடத்தை என்றது, சித்திரவதை என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை மேடையில் குழப்பிவிடாதீர்கள்.

பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இப்னு அல்-ஷேக் அல்-லீபி என்ற கைதி. 2001 கடைசியில் பிடிபட்டவர், 2002 தொடக்கத்தில் எகிப்திடம் ஒப்படைத்தார்கள். சுமார் 50 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட பெட்டிக்குள் 17 மணி நேரம் அடைத்து, பிறகு அடித்ததாக அவர் சொன்னது அமெரிக்க செனட் ஆவணத்தில் இருக்கிறது. ஈராக் அல்-கொய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி தந்தது என்றார். அமெரிக்க ராணுவ உளவு அமைப்பு 2002 பிப்ரவரியிலேயே சந்தேகம் எழுப்பியது. ஆனாலும் 2003 பிப்ரவரி 5 அன்று ஐநாவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேச்சுக்குள் அது போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் போர். 2004-ல் அல்-லீபி எல்லாவற்றையும் மறுத்தார். கேட்பவன் எதிர்பார்க்கும் பதில் எது என்று கைதி சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறான், இந்த முறையின் அடிப்படைப் பழுது அதுதான்.

சிஐஏ-வின் உத்திகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இது புரியும். கொரியப் போரில் சீனர்கள் பிடித்த அமெரிக்க விமானிகள் ‘கிருமி குண்டு போட்டோம்’ என்று பொய் வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த மாதிரி நெருக்கடியைத் தாங்குவதற்குப் பின்னாளில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்குப் பயிற்சி வைத்தது. பொய் வாக்குமூலத்தை எதிர்கொள்ளப் பழக்கிய அந்தப் பாடத்திட்டத்தைத்தான் 2002-ல் உண்மையை வரவழைக்கும் கருவி என்று திருப்பிப் பிடித்தார்கள்.

கோப்புக்கட்டு:

இரட்டை அளவுகோல் என்ற பகுதிக்கு என்னிடம் கேட்டால் முதலில் எடுக்க வேண்டியது அமெரிக்க நீதித்துறையின் 2005 மே 30 மெமோ. அமெரிக்க வெளியுறவுத் துறை வருடாவருடம் மற்ற நாடுகளைக் கண்டித்து மனித உரிமை அறிக்கை போடும். எகிப்தில் ஆடை களைந்து கண்ணைக் கட்டுவது, குளிர்ந்த நீர் ஊற்றுவது. இந்தோனேசியாவில் தூங்கவிடாமல் வைப்பது. அல்ஜீரியாவில் அழுக்கு நீரில் நனைத்த துணியை வாயில் திணிப்பது. இவற்றில் சில சிஐஏ உத்திகளை ஒத்திருப்பதுபோல் தெரிகிறது என்று மெமோவே எழுதிவிட்டு, சிஐஏ திட்டத்தில் டாக்டர் இருக்கிறார், வரம்பு இருக்கிறது, ஆகவே வேறு என்று தாண்டிப்போகிறது. வேறு யாருடைய விமர்சனமும் வேண்டாம், அந்தப் பத்தியை வாசித்தாலே போதும்.

அடுத்தது 2003 மார்ச் 23. பிடிபட்ட அமெரிக்க வீரர்களை ஈராக் தொலைக்காட்சி காட்டியது. ஜெனீவா மீறல் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அன்றே கொதித்தார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான், 13-ம் பிரிவு கைதியைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்கிறது. ஆனால் 2002 ஜனவரியில் கியூபாவிலுள்ள அமெரிக்கச் சிறைமுகாமான குவாண்டனாமோவில் ஆரஞ்சு உடையில் கண்ணும் காதும் மூடி மண்டியிட்ட கைதிகளின் படத்தை வெளியிட்டது அவருடைய துறையேதான்.

தண்டனைக் கணக்கையும் பாருங்கள். அபு கிரைப்பில் 11 படைவீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அதிகபட்சம் 10 ஆண்டு. சிஐஏ 2005 நவம்பரில் 92 விசாரணை டேப்புகளை அழித்தது. டேப் அழிப்பையும் கைதிகளின் மரணங்களையும் விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் டர்ஹம் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் கோப்புகளை மூடினார், கடைசிக் கோப்பு 2012 ஆகஸ்டில். கையெழுத்திட்ட பைபீ 2003-லேயே மேல்முறையீட்டு நீதிபதியாகிவிட்டார். வெளியில் வாட்டர்போர்டிங் பற்றிப் பேசிய சிஐஏ-காரர் கிரியாக்கூ 30 மாத தண்டனை பெற்றார், சக ஊழியரின் அடையாளத்தை வெளியிட்ட குற்றத்துக்காக. அமெரிக்காவுக்கு வெளியேதான் சட்டம் கொஞ்சம் கடித்தது: ரகசியச் சிறைக்கு இடம் கொடுத்ததற்காக 2014-ல் போலந்து ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்று, நஷ்டஈடு கட்டியது.

சித்திரவதை வழக்கையே கெடுக்கும் என்பதையும் சேருங்கள். 2023 ஆகஸ்டில் குவாண்டனாமோ நீதிபதி, சிஐஏ முன்பு சித்திரவதை செய்த கைதி அல்-நஷீரி 2007-ல் வேறு விசாரணைக் குழுவிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் தள்ளினார். பழைய சித்திரவதையின் நிழல் அதன்மேல் இருக்கிறது என்பதே காரணம்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்று. 1855-ல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் கீழ்நிலை ஊழியர்கள் ‘கிட்டி’ போட்டு விரலை நெரித்ததும், ‘அண்ணாந்தாள்’ போட்டு உடம்பை வளைத்துக் கட்டியதும் அதில் விரிவாக இருக்கின்றன. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861-ல் சட்டமாகி, 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ம் பிரிவானது. இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 23. அதே சமயம் ஐநா உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. எதிரணி இதைத் தூக்கிப் போடும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

மேசைவிளக்கு:

அனைவருக்கும் நன்றி. டெக்சாஸும் 2005 மெமோவும் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு சந்தேகம்: செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டதாகச் சொல்லப்படும் காலித் ஷேக் முகமதுவுக்கு வாட்டர்போர்டிங் 183 முறை என்கிறார்கள். ஒரு மாதத்தில் 183 தடவை எப்படி நடக்கும்? எதிரணி இதைக் கேலி செய்யும் போலிருக்கிறதே.

ஈரத்துணி:

183 என்பது தண்ணீர் ஊற்றிய எண்ணிக்கை, விசாரணை அமர்வுகளின் எண்ணிக்கை அல்ல. ஒரே அமர்வில் பல தடவை ஊற்றுவார்கள். இன்னொரு சிஐஏ கைதியான அபு சுபைதாவுக்குச் சொல்லும் 83-ம் அப்படித்தான். இரண்டும் சிஐஏ-வின் உள் ஆய்வாளர் 2004-ல் எழுதிய அறிக்கையிலிருந்து வருபவை, எதிர்ப்பாளர்கள் சேர்த்த எண்கள் அல்ல. ‘183 நாள்’ என்றோ ‘183 அமர்வு’ என்றோ வாய் தவறிவிடாதீர்கள். அதே அறிக்கை, மெமோவில் விவரித்த முறைக்கும் நடந்த முறைக்கும் பொருத்தமில்லை, ஊற்றிய தண்ணீரின் அளவே மிக அதிகம் என்றும் சொல்கிறது. கேலி செய்தால் அந்த வரியைப் படித்துக்காட்டுங்கள்.