69 கமாரோ: ஒரிஜினல் 350ஐயே கட்டுறதா, எல்எஸ்3 இறக்குறதா?

எட்டு_சிலிண்டர்:
எல்லாருக்கும் வணக்கம். ஒருவழியா வண்டி கைக்கு வந்துருச்சு. 1969 ஷெவர்லே கமாரோ கூபே, ஒஹாயோ நார்வுட் ஃபேக்டரில கட்டினது. 350 க்யூபிக் இன்ச் வி8, டூ பேரல் (ரெண்டு காத்து வாய்) கார்ப்பரேட்டர், கம்பெனி கணக்குல 250 ஹெச்பி, 3 ஸ்பீடு ஆட்டோ, நாலு வீலும் டிரம் பிரேக். எஸ்எஸ், இசட்/28 மாதிரி ஸ்போர்ட்ஸ் மாடல் எல்லாம் இல்ல, சாதா வண்டிதான், ஆனா இன்ஜின்ல குத்தியிருக்கிற நம்பரும் டேஷ்ல இருக்கிற விஐஎன்னும் (வண்டியோட அடையாள நம்பர்) ஒத்துப்போகுது, அதாவது நம்பர்ஸ் மேட்சிங். நான் மிச்சிகன்ல இருக்கேன். ஷோல கயிறு கட்டி நிறுத்தி வைக்கிற ஆசை இல்ல. வாரக்கடைசில ஓட்டணும், ஆகஸ்ட்ல வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்னு பழைய வண்டி ஊர்வலம் போகணும், அப்பப்போ ஆட்டோகிராஸ் (கூம்பு வெச்ச வளைவுல நேரம் பார்த்து ஓட்டுறது). 400 ஹெச்பிக்கு மேல வேணும். இந்த 350ஐயே பிரிச்சு கட்டலாமா, இல்ல எல்எஸ்3 க்ரேட் இன்ஜின் (பெட்டில புதுசா வர்ற ஜிஎம் வி8) வாங்கி இறக்கிடலாமா? அடிச்சுக்காம சொல்லுங்க.

எல்எஸ்_வெறியன்:
ப்ரோ இதுல கேள்வியே இல்ல. எல்எஸ்3. 6.2 லிட்டர், 2008 கார்வெட்ல வந்தது, பெட்டியைப் பிரிச்ச உடனே 430 ஹெச்பி. அதுவும் நெட் கணக்கு. உங்க 250 வந்து க்ராஸ் கணக்கு, ஏர் ஃபில்டர் இல்லாம, சைலன்சர் இல்லாம, ஆல்டர்னேட்டர் கூட சுத்தாம டெஸ்ட் பெஞ்ச்ல வெச்சு எடுத்த நம்பர். 1971ல ஜிஎம் (ஷெவர்லேயோட தாய்க் கம்பெனி) ரெண்டு நம்பரையும் சேர்த்துப் போட்டாங்கல்ல, அந்த வருஷ எஸ்எஸ் 350க்கு க்ராஸ் 270, நெட் 210. அப்போ உங்களுது 200ஐ தொடுறதே சந்தேகம். அலுமினியம் பிளாக், முன்பக்கம் 100 பவுண்டுக்கு மேல எடை குறையும், குளிர்ல சாவியைத் திருப்பினா ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆகும். இதுக்கு மேல என்ன வேணும்.

பழைய_இரும்பு:
வந்துட்டார்யா. எந்த வண்டியைக் காமிச்சாலும் இவருக்கு ஒரே மருந்து. தம்பி, 55 வருஷம் தாண்டி பிறந்த இன்ஜினோட ஒரு வண்டி கிடைச்சிருக்கு, அதைப் போய் தூக்கி எறியச் சொல்றாங்க. பாட்டியோட பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டுட்டு நான்ஸ்டிக் சட்டி வாங்கின கதைதான் இது. 350ஐ 383 ஆக்குங்க. சிலிண்டரை 30 தவ் (0.030 இன்ச்) அகலமா போர் பண்ணி, 3.75 இன்ச் ஸ்ட்ரோக் க்ராங்க் போட்டா முடிஞ்சது, ஸ்ட்ரோக்கர்னு சொல்றது இதைத்தான். முன்னாடியெல்லாம் 400 இன்ஜின் க்ராங்க்கை எடுத்து மெயின் ஜர்னலைக் கடைஞ்சு சின்னதாக்கிப் போடுவோம், இப்போ 350 மெயினுக்கே ரெடியா விக்கிறான். நல்ல அலுமினியம் ஹெட், ரோலர் கேம், பத்துக்கு ஒண்ணு கம்ப்ரஷன், நீங்க கேட்ட 400 அங்கேயே வந்துடும். பானட்டைத் தூக்கினா பார்க்கிறவனுக்கு ஸ்மால் பிளாக் ஷெவர்லே தெரியும், டொயோட்டா மாதிரி பிளாஸ்டிக் மூடி தெரியாது.

எல்எஸ்_வெறியன்:
அண்ணா அந்த அண்டால முழு விலையையும் சொல்லுங்க. 69 பிளாக்ல ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டருக்கு (கேம் மேல உருண்டு வால்வைத் தூக்குற துண்டு) ஃபேக்டரி ஏற்பாடே கிடையாது, அது 87லதான் வந்துச்சு. அப்போ ரெட்ரோஃபிட் லிஃப்டர் வாங்கணும், அது சல்லிசா கிடைக்கிற சாமான் இல்ல. உருளை இல்லாத பழைய ஃப்ளாட் டேப்பெட்டே போதும்னா ஜிங்க் குறைஞ்ச இப்போத்த ஆயில்ல கேம் லோப் தேய்ஞ்சு போறது ஊரறிஞ்ச விஷயம், முதல் ஸ்டார்ட்லயே 20 நிமிஷம் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழ இறக்காம ஓட்டி கேமை உட்கார வைக்கணும், அந்த நேரம் பார்த்து எங்கயாவது லீக் ஆச்சுன்னா நெஞ்சு அடைச்சிடும். பின்பக்க மெயின் சீல் ரெண்டு துண்டு, அது ஒழுகாம இருந்தா கோயில்ல தேங்கா உடைக்கணும். ஸ்ட்ரோக்கர் போட்டா ராட் போல்ட் இடிக்காம இருக்க பிளாக்கோட பான் ரெயிலை வேற கிரைண்ட் பண்ணணும்.

மோப்பார்_மாமா:
நான் எதுவும் சொல்லல. கமாரோ த்ரெட்ல எங்களை மாதிரி கிறைஸ்லர் ஆளுங்களுக்கு வேலை இல்ல. வேடிக்கை பார்க்க வந்தேன் 🍿

பழைய_இரும்பு:
@எல்எஸ்_வெறியன் ஒழுகுற சீலைப் பத்திப் பேசுறீங்களே, உங்க ஸ்வாப்போட மளிகை லிஸ்ட்டை ஏன் சொல்லல? இன்ஜின் விலை மட்டும் சொல்லிட்டு ஓடிடறதே உங்க கூட்டத்துக்கு வழக்கம். மவுண்ட் அடாப்டர், ஸ்டீயரிங் லிங்க்கேஜ் இடிக்காத ஆயில் பான், வேற ஹெடர்ஸ், தனி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), வயரிங் ஹார்னஸ். கார்ப்பரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ போதும், எல்எஸ்ஸுக்கு 58 பிஎஸ்ஐ வேணும், அதுக்கு டேங்க்குள்ள பம்ப் வெச்ச புது டேங்க், புது லைன். ஏசி வேணும்னா கம்ப்ரஸர் சப்ஃப்ரேம்ல போய் முட்டும், மேல தூக்கி வைக்க வேற ப்ராக்கெட். டி56 ஆறு ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ் வேணும்னா ஃப்ளோர் டன்னலையே வெட்டணும். 'போல்ட் இன்' னு விளம்பரத்துல போடுவான், கூடவே கிரைண்டரும் வாங்கிக்கணும்.

டைனோ_தம்பி:
நம்பர்ஸ் மேட்சிங்னு சொல்றீங்களே, அதை எப்படிப் பார்க்கிறது? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

பழைய_இரும்பு:
நல்ல கேள்வி. பாசஞ்சர் பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னாடி பிளாக்ல ஒரு சின்ன மேடை மாதிரி இருக்கும், 'பேட்'னு சொல்வோம், ஆல்டர்னேட்டர் ப்ராக்கெட் மறைச்சிருக்கும், எண்ணெய் அழுக்கைத் துடைச்சாத்தான் தெரியும். அதுல இன்ஜின் கோடும், பெரும்பாலும் விஐஎன்னோட கடைசி நம்பர்களும் குத்தியிருக்கும். நம்பரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஃபேக்டரில அந்த முகத்தை ப்ரோச் பண்ணும்போது நேர்கோடா மெல்லிசா கீறல் விழும், டார்ச்சை சாய்ச்சு அடிச்சா முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஓடும். கோடு இல்லாம வழவழன்னு இருந்தா எவனோ தேச்சுட்டு புதுசா குத்தியிருக்கான்னு சந்தேகப்படணும்.
@எட்டு_சிலிண்டர் உங்களுக்கும் சேர்த்துத்தான். மெஷின் ஷாப்ல பிளாக்கை டெக் பண்ண (மேல் முகத்தைச் சீவி மட்டமாக்க) கொடுத்தா அந்த மேடையும் சேர்ந்து சீவிடும், ஏன்னா ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கு. அந்தப் 'பேட்'டைத் தொடாதேன்னு எழுதிக் கொடுங்க, வாயால சொன்னா பத்தாது.

எல்எஸ்_வெறியன்:
பார்த்தீங்களா, இவரே என் கட்சிக்கு வந்துட்டார் 😄 போர் பண்ணி, ரெயிலைக் கிரைண்ட் பண்ணி, டெக்ல கை வெக்கப் பயந்து கட்டுறதை விட, அந்த 350ஐ அப்படியே எடுத்து எண்ணெய் தடவி பிளாஸ்டிக் கவர் போட்டு மூலைல வெச்சுட்டு எல்எஸ்ஸை ஓட்டுங்க. இன்ஜினைத் தொடாம காப்பாத்தினது யாரு, நானா அவரா? நாளைக்கு விக்கும்போது ரெண்டையும் சேர்த்துக் கொடுங்க. அப்புறம் டன்னல் வெட்டணும்னு பயமுறுத்தறது பழைய கதை. ட்ரெமெக் டிகேஎக்ஸ் அஞ்சு ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ் அனேகமா வெட்டாமலே உள்ள போகும், 600 பவுண்டு-அடி டார்க் தாங்கும், எல்எஸ்3 கொடுக்கிறது 424தான்.

ஒஹாயோ_அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. முதல் போஸ்ட்ல அவர் எழுதினதுல ஒரு வரியை யாருமே படிக்கல. நாலு வீலும் டிரம் பிரேக். 400 ஹெச்பியும் நாலு டிரம்மும் வெச்சு ஆட்டோகிராஸா? பிரேக் டிசைன்லயே குப்பை கொட்டுறவ சொல்றேன், ஒரு தடவை நல்லா அழுத்தினா நிக்கும், ரெண்டாவது தடவை சூடேறி மங்கும், மூணாவது தடவை சாமிதான். 69லயே ஜேஎல்8னு நாலு வீலுக்கும் டிஸ்க் ஆப்ஷன் கொடுத்தாங்க, மொத்தம் 206 வண்டிதான் அப்படிப் போச்சு. மத்தவங்க எல்லாம் ஹெச்பிக்கு காசு கொடுத்தாங்க, நிறுத்தறதுக்குக் கொடுக்கல. இந்த த்ரெட்டும் அதே லட்சணத்துல போகுது.

இன்னொண்ணு. இந்த வண்டில முன்பாதி மட்டும்தான் சப்ஃப்ரேம், ரப்பர் புஷ் வெச்சு பாடியில போல்ட் பண்ணியிருக்கும். பின்பாதிக்குத் தனி ஃப்ரேம் கிடையாது, பாடியேதான் ஃப்ரேம். நடுவுல ரெண்டு பாதியையும் சேர்க்கிற கனெக்டர் போடாம டார்க்கை ஏத்தினா கூடு முறுக்கும், கதவு இடைவெளி மாறும், கூரையும் குவார்ட்டர் பேனலும் சேர்ற இடத்துல பெயின்ட் கீறும். பின்னாடி பெரும்பாலும் 10 போல்ட் ஆக்சிலும் ஒத்தை லீஃப் ஸ்பிரிங்கும்தான் இருக்கும், குனிஞ்சு பாருங்க. அதை வெச்சுக்கிட்டு பிடிப்பான டயர்ல லாஞ்ச் பண்ணினா ஆக்சில் குதிக்கும், அப்புறம் உடையும். 12 போல்ட் வாங்கினாலும் அதுலயும் ஷாஃப்ட்டைப் பிடிச்சிருக்கிறது உள்ள இருக்கிற சி க்ளிப்தான், ஷாஃப்ட் முறிஞ்சா வீலோட சேர்ந்து வெளிய நடந்து வந்துரும். ஃபோர்டு 9 இன்ச் போட்டா அந்தத் தொல்லை இல்ல.

பழைய_இரும்பு:
ஷெவர்லேல ஃபோர்டு ஆக்சிலா. இதைப் படிக்கவா நான் உயிரோட இருக்கேன்.

ஒஹாயோ_அக்கா:
அண்ணா, வண்டிக்கு அடில யாரும் படுத்து லோகோ பார்க்கப் போறதில்ல. உங்க 383க்கு இன்னொரு சிக்கல் இருக்கு. பெரிய கேம் போட்டா ஐடில்ல வேக்யூம் குறையும், பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, சிக்னல்ல பெடல் கல்லு மாதிரி இருக்கும். ஒண்ணு கேமை அளவோட எடுக்கணும், இல்ல ஹைட்ரோபூஸ்ட் (வேக்யூமுக்குப் பதிலா பவர் ஸ்டீயரிங் பம்ப் அழுத்தத்துல ஓடுற பூஸ்டர்) போடணும். அந்த 'கடகட' ஐடில் சத்தத்துக்காகவே கேம் வாங்கறவங்க இதைக் கடைசிலதான் கவனிக்கறாங்க.

எட்டு_சிலிண்டர்:
அக்கா நன்றி, கொஞ்சம் பயமாவும் இருக்கு. 10 போல்ட் தான், ஒத்தை லீஃப் தான், குனிஞ்சு பார்த்துட்டேன். பாடி வெளிய நல்லா இருக்கு, ஆனா பாசஞ்சர் பக்கம் கார்பெட் ஈரமா இருக்கு.

பழைய_இரும்பு:
கவுல். விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி ஜல்லடை மாதிரி இருக்குல்ல, அதுல மெதுவா ஒரு மக் தண்ணி ஊத்துங்க, உள்ள ஒருத்தரை டேஷுக்கு அடில டார்ச்சோட படுக்க வைங்க. சொட்டினா கீழ் கவுல் தட்டு ஓட்டை. இலை மக்கி, ஈரம் நின்னு, மிச்சிகன் உப்பும் சேர்ந்தா அதுதான் நடக்கும். சரி பண்ண ஃபெண்டரைக் கழட்டி, மேல் தட்டோட ஸ்பாட் வெல்டை ஒவ்வொண்ணா டிரில் பண்ணி எடுக்கணும். பெயின்ட்டுக்கு முன்னாடி செய்யற வேலை. இன்ஜின் வெளிய இருக்கும்போது செஞ்சா சுலபம், அது எந்த இன்ஜினா இருந்தாலும்.

டைனோ_தம்பி:
டைனாகார்ன் கம்பெனில 69 கமாரோ பாடியே முழுசா புதுசா லைசென்ஸோட விக்கிறானே. கவுல், ஃப்ளோர், குவார்ட்டர்னு ஒவ்வொண்ணா மாத்திட்டு கடைசில இன்ஜின் மட்டும் ஒரிஜினல்னு கும்பிடறதுல என்ன இருக்கு?

பழைய_இரும்பு:
இருக்கு. தகரம் தேயற சாமான், மாத்தித்தான் ஆகணும். விஐஎன்னோட பிறந்த பிளாக் ஒண்ணே ஒண்ணு.

எல்எஸ்_வெறியன்:
ஒண்ணே ஒண்ணு, 250 ஹெச்பி டூ பேரல். இதுவே இசட்/28 ஓட 302ஆ இருந்தா நானே தொடாதீங்கன்னு கால்ல விழுவேன், ட்ரான்ஸ் ஆம் ரேஸ்ல 5 லிட்டர் லிமிட்டுக்காகவே பிறந்த இன்ஜின் அது. 427 அலுமினிய ஸெட்எல்1, 69ல மொத்தமே 69 வண்டி, அதைக் கண்ணால பார்க்கவே காசு கொடுக்கலாம். சாதா 350க்கு எதுக்கு இந்த ஆரத்தி?

ஒஹாயோ_அக்கா:
அதுல நியாயம் இருக்கு. ஆனா அவர் பட்ஜெட் சொல்லல, கவனிச்சீங்களா. என் வரிசை இதுதான்: கவுல், பிரேக், கனெக்டர், ஆக்சில். இதெல்லாம் எந்த இன்ஜினுக்கும் பொது. அது வரைக்கும் இருக்கிற 350லயே ஓட்டுங்க, வேணும்னா அதுமேல ஃபோர் பேரல் த்ராட்டில் பாடி ஈஎஃப்ஐ (எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) ஒண்ணு உட்கார வைங்க, இன்டேக்கும் ஃப்யூயல் பம்ப்பும் மாத்தணும், குளிர் ஸ்டார்ட் தொல்லை தீரும். அப்புறம் மிச்சக் காசை எண்ணிட்டு சண்டை போடலாம்.

எட்டு_சிலிண்டர்:
சரி, இந்த விண்டருக்கு கவுலும் பிரேக்கும். கூடவே மேனுவல் கியரும் மாத்திடலாம்னு இருக்கேன், டிகேஎக்ஸ்தான். ஆக்சில் ரேஷியோ 3.73 எடுத்தா ஹைவேல கத்துமா?

ஒஹாயோ_அக்கா:
26 இன்ச் டயருக்கு 70 மைல் வேகத்துல நேர் கியர்ல 3400 கிட்ட நிக்கும், காது போயிடும். 0.68 ஓவர்டிரைவ் இருக்கிற மாடலை எடுத்தா அதே வேகத்துல 2300. தாராளமா எடுங்க. டிரைவ்ஷாஃப்ட் நீளம் மாறும், பினியன் ஆங்கிள் (ஆக்சிலோட டிரைவ்ஷாஃப்ட் சேர்ற கோணம்) பார்க்காம ஆர்டர் கொடுத்துடாதீங்க.

எல்எஸ்_வெறியன்:
டிகேஎக்ஸ் வாங்கறார், 9 இன்ச் வாங்கறார், டிஸ்க் வாங்கறார். இவ்வளவும் போட்டுட்டு முன்னாடி டூ பேரலா? வசந்தத்துக்குள்ள எல்எஸ்3 வந்துரும், எழுதி வெச்சுக்கோங்க.

பழைய_இரும்பு:
383. மெஷின் ஷாப் நம்பர் வேணும்னா தனி மெசேஜ்ல கேளுங்க தம்பி. 'பேட்'டைத் தொடாம டெக் பண்றவங்க ஒருத்தர் எனக்குத் தெரியும்.