சாரா நிகழ்ச்சியிலும் சாதக விகிதம் மாறுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் தம்பிக்கு விளக்கப் போய், மூன்று நாட்களாக நானே சிக்கியிருக்கிறேன்.

ஒரு கணக்கை அ தீர்ப்பதற்குச் சாதக விகிதம் (தீர்க்கும் வாய்ப்புக்கும் தவறும் வாய்ப்புக்கும் உள்ள விகிதம்) 3:2, ஆ தீர்ப்பதற்குப் பாதக விகிதம் (அதன் தலைகீழ்) 4:3. இருவரும் தனித்தனியே முயல்வதால் இவை சாரா நிகழ்ச்சிகள். நிகழ்தகவுகளாக 3/5, 3/7 என மாற்றிக் கூட்டியபோது 36/35 வந்தது (ஒன்றைத் தாண்டியதும் தம்பி சிரித்துவிட்டான்). பின்பு, இருவரும் தவறுவதற்கான 2/5 × 4/7 = 8/35 என்பதை ஒன்றிலிருந்து கழித்து, கணக்குத் தீர்க்கப்படும் நிகழ்தகவு 27/35 எனப் பெற்றோம்; மரவரிப்படமும் அதையே தந்தது.

ஆனால், கணக்குத் தீர்க்கப்பட்டது எனத் தெரிந்தால் ஆ தீர்த்திருப்பதற்கான சாதக விகிதம் 5:4 என்கிறது விடைத்தாள். ஆ தீர்ப்பதற்கான 3/7, அதாவது 15/35 ஐ 27/35 ஆல் வகுத்தால் 5/9 வருகிறது, காரணந்தான் பிடிபடவில்லை.

அ, ஆ ஒன்றையொன்று சாராதபோது, கணக்குத் தீர்ந்தது என்ற செய்தி மட்டும் ஆ இன் விகிதத்தை 3:4 இலிருந்து 5:4 ஆக மாற்றுவது எவ்வாறு?